போத்தெஸ்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வட ஸ்பெயினில் காந்தாப்ரியா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், பீக்கோஸ் தே எவுரோப்பா மலைகளின் அடியில் இருக்கும் சிற்றூர் போத்தெஸ். மக்கள்தொகை ஆயிரத்தைந்நூறைத் தாண்டாது. தேவா, கிவியேசா என்ற இரண்டு ஆறுகள் ஊருக்குள்ளேயே சேர்கின்றன. லியேபனா என்ற பள்ளத்தாக்குப் பகுதி முழுவதற்கும் சந்தை, மருந்துக்கடை, பேருந்து எல்லாம் இங்கேதான்.

பெரும்பாலானோர் இந்த ஊரை மாநிலத் தலைநகரான சான்டான்டேரிலிருந்து ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பத் திட்டமிடுகிறார்கள். அது சரிவராது. காலை பத்தரைக்கு ஊருக்குள் நுழைந்து, வண்டி நிறுத்த இடம் தேடி, மலைமேல் ஏற்றிவிடும் ரோப் காருக்குப் போனால் வரிசை நீண்டிருக்கும். மேலே ஏறும் நேரத்துக்கு மேகம் மூடியிருக்கும். இறங்கி வந்தால் உணவகங்களில் சமையலறையை மூடியிருப்பார்கள். குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். அதைவிட முக்கியம், எந்த நாளில் மலைமேல் போவது என்பதை வானத்தைப் பார்த்து முடிவுசெய்யும்படி திட்டத்தில் இடம் விடுங்கள். மற்ற எல்லாவற்றையும் மழையிலும் பார்க்கலாம். மலையை மட்டும் பார்க்க முடியாது.

எப்போது போவது

ஜூன் பின்பாதியும் செப்டம்பரும் சிறந்தவை. ஆகஸ்டில் ஸ்பெயின் முழுக்க விடுமுறை. அறை வாடகை ஏறும், ரோப் காருக்கு மணிக்கணக்கில் நிற்க வேண்டிவரும். மே மாதத்தில் பள்ளத்தாக்கு பச்சைப்பசேலென்று இருக்கும், ஆனால் மேலே 1,800 மீட்டரில் பாதைகளில் பனி கிடக்கலாம். நவம்பர் இரண்டாம் வார இறுதியில் ஒரூஹோ திருவிழா நடக்கும். திராட்சைச் சக்கையிலிருந்து வடிக்கும் உள்ளூர்ச் சாராயம்தான் ஒரூஹோ. அந்த இரண்டு மூன்று நாள் ஊரில் கால் வைக்க இடமிருக்காது. கூட்டம் பிடிக்காதவர்கள் தவிர்த்துவிடலாம்.

போத்தெஸ் கடல்மட்டத்திலிருந்து 291 மீட்டர் உயரம்தான். சுற்றிலும் மலைகள் கடற்காற்றைத் தடுப்பதால் காந்தாப்ரியாவின் மற்ற இடங்களைவிட இங்கே வெயில் அதிகம், மழை குறைவு. கடற்கரையில் அரிதான திராட்சைத் தோட்டமும் கார்க் ஓக் மரமும் இங்கே சரிவுகளில் நிற்பது அதனால்தான். ஆனால் ரோப் கார் போய் நிற்கும் இடம் ஊரைவிட ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே 26 டிகிரி என்றால் மேலே பத்து டிகிரி குறையும். காற்றடித்தால் இன்னும் குளிரும். அரைக்கால் சட்டையோடு ஏறி, கைகளைக் கட்டிக்கொண்டு நடுங்குகிறவர்களை கோடையில் தினமும் பார்க்கலாம்.

போய்ச் சேரும் வழி

அருகிலுள்ள விமான நிலையம் சான்டான்டேர். அங்கிருந்து நகரப் பேருந்து நிலையத்துக்கு நேரடிப் பேருந்து உண்டு. ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் அடுத்தடுத்து இருப்பதால் மாட்ரிட்டிலிருந்து ரயிலில் வருகிறவர்களுக்கும் இதுவே வசதி. போத்தெஸ் பேருந்து சான் விசெந்தே தே லா பர்கேரா, உங்கேரா, பானெஸ் வழியாகப் போகும். ஏறக்குறைய இரண்டரை மணி நேரப் பயணம். ஒரு நாளைக்கு ஓரிரு பேருந்துதான். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் அதிலும் குறையும். எனவே விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே அந்தக் கிழமையின் பேருந்து நேரத்தைப் பாருங்கள். பிற்பகல் பேருந்தைத் தவறவிட்டால் அன்றிரவு சான்டான்டேரில்தான் தங்க வேண்டும்.

காரில் வந்தால் ஏ-8 நெடுஞ்சாலையில் மேற்கே வந்து, உங்கேராவில் பிரிந்து, என்-621 சாலையைப் பிடியுங்கள். மொத்தம் சுமார் 115 கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம். இந்திய உரிமத்தோடு ஓட்டுவதானால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கி வந்துவிடுங்கள். வாடகைக் கார் மேசையில் முதலில் கேட்பது அதைத்தான்.

பானெஸைத் தாண்டியதும் லா எர்மிதா மலையிடுக்கு தொடங்கும். 21 கிலோமீட்டர் நீளம். இருபுறமும் சுண்ணாம்புப் பாறை சில இடங்களில் 600 மீட்டர் வரை செங்குத்தாக எழும். தேவா ஆறு அறுத்த வழியிலேயே சாலையும் நெளிந்து போகிறது. சாலை குறுகல். பேருந்தும் லாரியும் எதிரே வந்தால் வளைவுக்கு முன்பே வேகம் குறைத்து, வலது ஓரம் ஒதுங்கி வழி விட வேண்டும். அவசரப்படாதீர்கள்; பின்னால் உள்ளூர்க்காரர் ஒட்டிக்கொண்டு வந்தால் அகலமான ஒரு இடத்தில் நின்று அவரை விட்டுவிட்டு நிம்மதியாகப் போங்கள். கனமழைக்குப் பிறகு கல் உருளுவது உண்டு, சில நேரம் சாலையையே மூடுவார்கள். கிளம்பும் முன் போக்குவரத்து நிலவரத்தைப் பார்ப்பது நல்லது. வளைவில் குமட்டல் வருகிறவர்கள் பேருந்தில் முன்வரிசையில் உட்காருங்கள். மாத்திரை போடுவதானால் பானெஸ் வரும்வரை காத்திருக்காமல் புறப்படும்போதே போட்டுவிடுங்கள்.

தெற்கிலிருந்து வருகிறவர்களுக்கு லெயோன் பக்கமிருந்து 1,609 மீட்டர் உயரமுள்ள சான் குளோரியோ கணவாய் இருக்கிறது. அழகான வழி. குளிர்காலத்தில் சக்கரச் சங்கிலி இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மலையிடுக்கு வழியாக வரும்போதே பார்க்க வேண்டியது சாந்தா மரியா தே லெபேன்யா தேவாலயம். பிரதான சாலையிலிருந்து ஐந்து நிமிடத் திருப்பம்தான். பத்தாம் நூற்றாண்டின் முதற்பாதியில் கட்டியது. உள்ளே போனதும் குதிரைலாட வடிவ வளைவுகளைக் கவனியுங்கள். அரபு ஆட்சியிலிருந்த தெற்கு ஸ்பெயினின் கட்டடக்கலை இந்த மலைப்பள்ளத்தாக்கு வரை வந்து சேர்ந்ததற்குக் கண்முன் நிற்கும் சாட்சி அது. பலிபீடத்தின் முன்பக்கக் கல்லில் வட்ட வட்டமாகச் செதுக்கிய பூச்சக்கரங்கள் தேவாலயத்தைவிடப் பழையவை; கிறிஸ்தவத்துக்கு முற்பட்டவை என்று கருதுகிறார்கள். வாசலில் நின்ற பழம்பெரும் யூ மரம் 2007 புயலில் சாய்ந்தது. அதிலிருந்து எடுத்து வளர்த்த கன்று இப்போது அங்கே நிற்கிறது. மதியம் பூட்டிவிடுவார்கள் என்பதால் காலையில் வரும்போது பாருங்கள், அல்லது மாலை நேரத்தைக் கேட்டுக்கொண்டு தனியாக வாருங்கள்.

தங்குமிடம்

பழைய ஊருக்குள் அறை எடுத்தால் மாலையில் ஆற்றுச் சத்தத்தோடு உலாவலாம். ஆனால் தெருக்கள் உருண்டைக்கல் பாவியவை. சக்கரப் பெட்டி இழுத்துப் போவது கொடுமை, முதுகுப்பையே மேல். காரில் வருகிறவர்கள் வண்டி நிறுத்தம் உண்டா என்று முன்பே கேளுங்கள். திங்கட்கிழமை காலை சந்தை கூடும் என்பதால் அன்று ஊரின் நிறுத்துமிடங்கள் சீக்கிரம் நிறைந்துவிடும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களும் குழந்தைகளோடு வருகிறவர்களும் சமையலறையோடு கூடிய வீட்டை எடுப்பது புத்திசாலித்தனம். ஏன் என்பது சாப்பாட்டுப் பகுதியில் தெரியும்.

முதல் நாள்: ஊரைச் சுற்றுதல்

ஊர் சின்னது. அரை நாள் போதும், ஆனால் அந்த அரை நாளைக் காலையிலோ மாலையிலோ வையுங்கள். நண்பகலில் சுற்றுலாப் பேருந்துகள் வந்து இறங்கும்; இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும்.

இன்ஃபந்தாதோ கோபுரத்தில் தொடங்குங்கள். சதுரமாக, மூலைகளில் சிறு காவல் மாடங்களோடு, ஊரின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் தெரியும். பதினைந்தாம் நூற்றாண்டில் கவிஞரும் பிரபுவுமான சாந்தியானா மார்க்கேஸ் என்ற பட்டம் பெற்ற இன்யிகோ லோபெஸ் தே மெந்தோசாவின் குடும்பத்தின் கையில் இருந்தது. பின்னாளில் ஊராட்சி அலுவலகமாக இருந்தது. இப்போது உள்ளே பெயாதோ தே லியேபனாவைப் பற்றிய கண்காட்சி இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் இந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த இந்தத் துறவி பைபிளின் வெளிப்படுத்தல் நூலுக்கு எழுதிய உரையை, அடுத்த சில நூற்றாண்டுகள் ஸ்பெயின் மடங்கள் வண்ண ஓவியங்களோடு படியெடுத்தன. ஏழுதலை நாகமும் நான்கு குதிரை வீரர்களும் மஞ்சள், சிவப்புப் பட்டைகள் மேல் நிற்கும் அந்த ஓவியங்களை இங்கே பெரிதாகப் பார்க்கலாம். கடைசிப் படிக்கட்டு வரை ஏறுங்கள். மாடியிலிருந்து ஓட்டுக்கூரைகளும் அவற்றின் பின்னால் வெளிர்சாம்பல் மலைச்சுவரும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

அங்கிருந்து இறங்கி சான் காயெத்தானோ பாலத்துக்கு நடங்கள். கிவியேசா ஆற்றின் மேல் ஒற்றை வளைவுக் கல்பாலம். பாலத்தின் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடாமல் ஆற்றங்கரைக்கு இறங்குங்கள். இரண்டு பக்கமும் வீடுகளின் மரப் பால்கனிகள் தண்ணீருக்கு மேல் நீண்டு தொங்குவது கீழிருந்துதான் தெரியும். மழைநாளில் கரைப்படிகள் பாசியால் வழுக்கும், கவனம். எதிர்க்கரையில் லா சோலானா குடியிருப்பின் செங்குத்துச் சந்துகளில், கதவுக்கு மேல் குலச்சின்னம் செதுக்கிய கல்வீடுகள் இருக்கின்றன.

1937இல் உள்நாட்டுப் போரின்போது ஊரின் பெரும்பகுதி எரிந்துபோனது. சதுக்கத்தைச் சுற்றியுள்ள சில கட்டடங்கள் பழையதுபோல் தோன்றினாலும் பிறகு எழுப்பியவை. நிஜப் பழமை ஆற்றோரத்துச் சந்துகளில்தான் மிஞ்சியிருக்கிறது. சதுக்கத்தில் இருக்கும் சிலை 1836இல் இங்கே பிறந்த வயலின் கலைஞர் ஹெசூஸ் தே மொனாஸ்தேரியோவுடையது.

ரோப் கார் நாள்

போத்தெஸிலிருந்து சிஏ-185 சாலையில் 23 கிலோமீட்டர் போனால் சாலை முடியும் இடம் ஃபுவென்தே தே. எதிரே ஒரு பாறைச்சுவர். 1966இல் திறந்த ரோப் கார் நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் 753 மீட்டர் உயரத்தை ஏறக்குறைய நான்கு நிமிடத்தில் ஏறி, 1,823 மீட்டரில் கொண்டுபோய் விடும்.

எப்படிச் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறோம்:

1. முந்தின இரவு மலைப்பகுதி வானிலை அறிக்கையைப் பாருங்கள். ஊரின் வெப்பநிலை உதவாது. மேல் நிலையத்தின் காற்று வேகமும் மேகமும்தான் தேவை. பலத்த காற்றில் ரோப் காரை நிறுத்திவிடுவார்கள்.

2. காலையில் எழுந்ததும் மேல் நிலையத்தின் வெப்கேமராவைப் பாருங்கள். ஊரில் மூடுபனியாக இருந்தால் சோர்ந்துவிட வேண்டாம். பல நாட்கள் மேகம் பள்ளத்தாக்கில் படிந்திருக்க, மேலே பளிச்சென்று வெயில் அடிக்கும். இதை அறியாமல் அறையிலேயே இருந்துவிடுகிறவர்கள் இழப்பது மிக அதிகம். இதன் மறுபக்கமும் உண்டு: காலையில் தெளிவாக இருந்து பிற்பகலில் மேகம் திரளுவதும் இங்கே வழக்கம்.

3. ஜூலை, ஆகஸ்டிலும் நீண்ட வார இறுதிகளிலும் இணையத்தில் நேரம் குறித்துச் சீட்டு வாங்கிவிடுங்கள், காலையின் முதல் நேரங்களில் ஒன்றாக. மற்ற மாதங்களில் வெப்கேமராவைப் பார்த்துவிட்டு அன்று காலையே வாங்குவது மேல். ஜனவரியில் பராமரிப்புக்காக மூடும் காலம் உண்டு. குளிர்காலப் பயணிகள் தேதியைச் சரிபார்க்கவும்.

4. கார் இல்லாதவர்களுக்குக் கோடையில் போத்தெஸிலிருந்து பேருந்து உண்டு. மற்ற பருவங்களில் டாக்ஸியை முந்தின நாளே சொல்லிவையுங்கள்.

5. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், காற்றுத் தடுக்கும் மேலங்கி, தொப்பி, சன்ஸ்கிரீன், கணுக்காலைப் பிடிக்கும் காலணி. மேலே சுண்ணாம்புப் பாறை. மழைநீர் உள்ளே இறங்கிவிடுவதால் வழியில் ஊற்று கிடைப்பது அரிது.

மேலே போனதும் பார்வை மாடத்தில் நின்றுவிட்டு அடுத்த காரிலேயே இறங்குகிறவர்கள்தான் அதிகம். அது வீண். நடக்க முடிந்தால் ஒருவழிச் சீட்டு வாங்கிக்கொண்டு ஆலிவா மேய்ச்சல்வெளி வழியாகக் கீழே இறங்குங்கள். ஏறக்குறைய 14 கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் நாலு, அஞ்சு மணி நேரம். முதலில் கொவர்ரோப்ரெஸ் என்ற சிறு கணவாய் வரை நூறு மீட்டர் அளவுக்கு ஏற்றம், அதற்குப் பிறகு முழுவதும் இறக்கம். பாறையும் சரளையுமாக இருந்த நிலம் ஆலிவாவை நெருங்கும்போது புல்வெளியாக மாறும். கழுத்தில் மணி கட்டிய மாடுகளும் குதிரைகளும் மேயும். அங்கே மலைவிடுதி ஒன்று இருக்கிறது, பருவத்தில் சாப்பாடு கிடைக்கும். கீழே மேய்ச்சல் கொட்டில்களுக்கு அருகே பாதை பிரியும்: ஒன்று எஸ்பினாமா கிராமத்துக்கு, இன்னொன்று ஃபுவென்தே தேக்கு. கார் நிற்பது எங்கே என்பதை அந்த இடத்தில் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எஸ்பினாமாவுக்கு இறங்கிவிட்டால் காரை எடுக்க மீண்டும் சாலையில் மேலே ஏற வேண்டும்.

அகலமான பாதைதான், வழி தவறுவது கடினம். தவறுவது இரண்டே காரணத்தால்: மூடுபனி, குறுக்குவழி ஆசை. மேலே பாறைக்குழிகள் நிறைந்த நிலம். மூடுபனியில் பாதையை விட்டு விலகினால் திசை தெரியாது. செல்பேசி சிக்னலும் இடையிடையே போய்விடும், வரைபடத்தை முன்பே தரவிறக்கிவையுங்கள். அவசர உதவிக்கு எண் 112. முழங்கால் வலி உள்ளவர்கள் இந்த இறக்கத்தைத் தவிர்த்து, மேலேயே ஒரு மணி நேரம் போய்வரும் நடையோடு நிறுத்திக்கொண்டு ரோப் காரில் இறங்கலாம். அப்படியானால் இறங்குவதற்கும் வரிசை இருக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

மேகம் மூடிய நாளுக்கு: சாந்தோ தொரீபியோ மடம்

ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் மேலே இருக்கிறது. நடந்தே போகலாம், ஏற்றம் என்பதால் ஒரு மணி நேரம் வையுங்கள். மதியம் மூடுவார்கள், ஆகவே காலை பத்து மணிக்குப் போத்தெஸிலிருந்து கிளம்பினால் சரியாக இருக்கும்.

இயேசுவை அறைந்த சிலுவையின் மரத்துண்டுகளில் எஞ்சியிருப்பதிலேயே பெரியது என்று நம்பப்படும் துண்டு இங்கேதான் இருக்கிறது. பொன்முலாம் பூசிய வெள்ளிச் சிலுவைக்குள் பொதிந்திருக்கிறார்கள். நெடுக்குத் துண்டு 635 மில்லிமீட்டர், குறுக்குத் துண்டு 393 மில்லிமீட்டர். ஆணி அடித்த துளை என்று பக்தர்கள் வணங்கும் இடம் திறந்தே தெரியும். 1958இல் மாட்ரிட்டில் செய்த மர ஆய்வு இதைச் சைப்ரஸ் வகை என்று சொன்னது. இது வழிபாட்டுத் தலம். பூசை நேரத்தில் படம் எடுக்காதீர்கள், தோளும் முழங்காலும் மூடிய உடை போதும். 1961இல் இந்த மடத்தின் பொறுப்பை ஏற்றவர்கள் பிரான்சிஸ்கன் துறவிகள்.

ஏப்ரல் 16, புனித தொரீபியோவின் திருநாள். அது ஞாயிற்றுக்கிழமையில் வரும்போது அந்த நாளில் தொடங்கி ஓராண்டு யூபிலி, அதாவது புனித ஆண்டு. அப்போது மட்டும் மன்னிப்பின் கதவு என்ற பக்கவாசலைத் திறப்பார்கள். மற்ற ஆண்டுகளில் வெளியிலிருந்து பார்க்கலாம். கடைசியாகத் தொடங்கியது 2023இல், அடுத்தது 2028இல். அந்த ஓராண்டில் போகத் திட்டமிட்டால் அறையைப் பல மாதம் முன்பே எடுத்துவிடுங்கள். சான் விசெந்தே கடற்கரையிலிருந்து இம்மடம் வரை 72 கிலோமீட்டர் யாத்திரைப் பாதையும் உண்டு, மூன்று நாளில் நடப்பார்கள்.

மடத்தைப் பார்த்த கையோடு சான் மிகேல் சிற்றாலயம் வரை நடங்கள். சில நிமிடத் தொலைவுதான். மேகம் விலகினால் மலைத்தொடர் முழுவதும் எதிரே விரியும்.

நாள் மிஞ்சினால் மொக்ரோவேஹோவுக்குப் போங்கள். பத்து கிலோமீட்டர் தொலைவில், மலைச்சுவரைப் பின்னணியாகக் கொண்ட கல்வீட்டுக் கிராமம். வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். சிற்பங்களில் ஆர்வமுள்ளவர்களுக்குப் பியாஸ்கா கிராமத்தின் ரோமனெஸ்க் என்ற இடைக்காலப் பாணித் தேவாலயம். 1172 என்ற ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டு வாசலில் இருக்கிறது.

சாப்பாடு

மதியச் சாப்பாடு ஒன்றரை முதல் மூன்றரை வரை. இரவு எட்டரைக்கு மேல். இடையில் சென்றால் பாரில் சிறுதீனி மட்டும்தான்.

ஊரின் பெருமை கொசீதோ லெபானியேகோ. லியேபனாவில் விளையும் சின்னக் கொண்டைக்கடலை, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, பன்றிக் கொழுப்பு, சொரீசோ என்ற காரத் தொத்திறைச்சி, மாட்டிறைச்சி, ரொட்டியும் முட்டையும் சேர்த்துப் பிடித்த உருண்டை எல்லாம் ஒன்றாக வேகும். முதலில் அந்தச் சாற்றில் சேமியா போட்ட சூப், அடுத்து கடலை, பிறகு இறைச்சித் தட்டு. இருவருக்கு ஒன்று வாங்கினாலே திணறும். இரவில் சாப்பிடாதீர்கள்.

சைவர்கள் கவனிக்க: வெறும் "சின் கார்னே", அதாவது இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. பலர் ஹாம் என்ற பன்றித்தொடை இறைச்சியையும் டூனா மீனையும் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. "சின் கார்னே, சின் ஹமோன், சின் அதூன்" என்று மூன்றையும் சொல்லுங்கள். காய்கறிப் பொரியலிலும் ஹாம் துண்டு விழும். சூப்பும் பருப்பும் இறைச்சிச் சாற்றில்தான் வேகும். முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு தோர்த்தியா என்ற உருளைக்கிழங்கு ஆம்லெட் எங்கும் கிடைக்கும். மற்றபடி சாலட், ரொட்டி, பாலில் வெந்த அரிசிப் பாயசம் போன்ற அர்ரோஸ் கோன் லெச்சே. திங்கட்கிழமைச் சந்தையில் கடலை, தக்காளி, தேன் வாங்கி அறையில் சமைப்பதுதான் நிம்மதி.

பாலாடைக்கட்டி இரண்டு வகை வாங்குங்கள். மலைக்குகையில் முதிரவிடும் நீலப்பூஞ்சைப் பீகோன் காரசாரமானது, மணமும் கடுமை. முதலில் சிறு துண்டு ருசி பாருங்கள். ஜூனிப்பர் விறகுப் புகையில் காட்டிய ஆலிவா வகை எல்லோருக்கும் பிடிக்கும். இரண்டிலும் பாலைத் திரிய வைக்கும் விலங்கு ரென்னட் சேர்ந்திருக்கலாம், கண்டிப்பான சைவர்கள் கேட்டு வாங்கவும். மலையில் பறிக்கும் மூலிகைத் தேநீர் தே தெல் புவெர்தோ வயிற்றுக்கு இதம்; ஒரூஹோ கலந்து தருவதும் வழக்கம் என்பதால், வேண்டாமென்றால் "சின் ஒரூஹோ" என்று சொல்லிவிடுங்கள். ஒரூஹோ குடித்துவிட்டு மலையிடுக்கில் வண்டி ஓட்டும் எண்ணமே வேண்டாம்.

திரும்பும் நாள்

விமானம் மாலையில் என்றாலும் காலைப் பேருந்திலேயே கிளம்புங்கள். மலையிடுக்கில் தாமதம் நேர்ந்தால் ஈடுகட்ட வேறு வழி இல்லை. காரில் போகிறவர்கள் லா எர்மிதா கிராமத்தில் நிறுத்தி, ஆற்றோரம் வெந்நீர் ஊற்று கலக்கும் இடத்தில் காலை நனைக்கலாம். ஆறு பெருகி ஓடும் நாளில் அந்தக் குழிகள் மூழ்கிவிடும், அப்போது இறங்கக் கூடாது. நேரமிருந்தால் மேலே சாந்தா கத்தலினா பார்வை மாடத்துக்கு ஏறுங்கள்; வந்த வழி முழுவதும் காலடியில் தெரியும். உங்கேராவில் கொர்பாத்தா என்ற கழுத்துப்பட்டை வடிவ அடுக்குப் பேஸ்ட்ரி விற்பார்கள். பெட்டியில் வாங்கினால் கைப்பையில் வையுங்கள், சரக்குப் பெட்டியில் நொறுங்கிவிடும்.